ஒரு வரிச் செலவு

அப்பாவின் கணக்கு நோட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒன்று. மாதத்துக்கு இரண்டு பக்கம். பால், மளிகை, வாடகை, ஸ்கூல் பீஸ், வைத்தியம் என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் நாள்வாரியாகச் செலவு. அதில் 'போக்குவரத்து' என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் பெரும்பாலான மாதங்களில் ஒரே ஒரு வரி: சீசன். ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோ குரோம்பேட்டை ஸ்டேஷன் கவுன்ட்டரில் கட்டிய பணம். அதற்குப் பிறகு மாதம் முடியும்வரை அந்தத் தலைப்பின் கீழே அவர் பேனா இறங்கியதே இல்லை.

நான் நோட்டு வைத்துக்கொள்ளவில்லை. போனில் பணம் அனுப்பிய பட்டியல்தான் என் நோட்டு. போன மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். காலை ஏழு ஐந்துக்கு ஷேர் ஆட்டோ 20. தாம்பரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டதால் மேடவாக்கம் வரை இன்னொரு ஷேர் ஆட்டோ 30. அங்கிருந்து டீலக்ஸ் பஸ் டிக்கெட். சாயங்காலம் மழை, பஸ் வரவில்லை, பைக் டாக்ஸி 140. ராத்திரி கூடுவாஞ்சேரியில் இறங்கி வீட்டுக்கு மறுபடி ஷேர் ஆட்டோ 20. ஒரே நாளில் ஐந்து வரி. அந்த ஐந்தில் ரயில் இல்லை. சீசன் எடுத்திருப்பதால் ரயிலுக்கு அன்று தனிச் செலவில்லை.

'போக்குவரத்துச் செலவு ஏறிப்போச்சு' என்று வீட்டிலும் ஆபீசிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். எது ஏறியது என்பதை அந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

அப்பா பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தா. குரோம்பேட்டையில் வாடகை வீடு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை பத்து நிமிஷம். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் அலுவலகத்துக்கு நடை ஐந்தாறு நிமிஷம். நடுவில் இருந்த தூரம் முழுவதையும் மின்சார ரயில் பார்த்துக்கொண்டது. 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் வண்டிகளை நம்பித்தான் பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் சம்பளக்காரர்களின் ஊர்களாக வளர்ந்தன. துறைமுகம், உயர் நீதிமன்றம், தலைமைத் தபால் நிலையம், வங்கிகள், கோட்டையில் தலைமைச் செயலகம், பூங்கா நிலையத்துக்கு எதிரே பொது மருத்துவமனை: ஊரின் வேலையெல்லாம் அந்தத் தண்டவாளத்தின் வடக்கு முனையைச் சுற்றி இருந்தது. வேலையும் வீடும் ஒரே கோட்டில் இருந்த காலம் அது.

அப்பாவுக்கு 'சீசன் சிநேகிதர்கள்' என்றே ஒரு வட்டம் உண்டு. ஒரே வண்டி, ஒரே பெட்டி. ஒருவர் வாங்கிய பேப்பர் நாலு பேர் கைக்குப் போய்விட்டுத்தான் திரும்பும். அக்கா கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடித்துக் கொடுத்ததும், அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது ரத்தம் கொடுத்ததும் அவர்கள்தான். அந்தச் சீசன் அட்டையை அப்பா பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். துவைக்கப் போடும்முன் அம்மா முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பையைத்தான்.

2004 மே மாதம் அவர் ஓய்வுபெற்றார். அடுத்த இரண்டு மாதத்துக்குள், ஜூலை 1 அன்று, மீட்டர் கேஜ் மின்சார வண்டிகளும் நின்றன. அகலப் பாதை வந்துவிட்டது. 'நானும் அதுவும் ஒண்ணா ரிடையர் ஆனோம்' என்று இன்றும் சொல்வார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ரயில் இன்னும் நம்மைக் கைவிடவில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் இப்போதும் 10 ரூபாய். குறைந்தபட்சம் 5 ரூபாய். டீக்கடையில் ஒரு டீ அதைவிட விலை அதிகம். மாத சீசன் என்பது ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் விலை என்ற பழைய கணக்கில்தான் நிற்கிறது. 2014 ஜூனில் அதை 30 பயணக் கணக்காக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒரே அடியில் இரண்டு மடங்கு. அப்பா ஓய்வுபெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் அன்று பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மும்பையிலும் சென்னையிலும் தினப் பயணிகள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே புறநகர் ரயில்களுக்கு அந்த உயர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் கூடியபோதும் புறநகர் டிக்கெட்டையும் சீசனையும் தொடவில்லை. அதே வருஷம் ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயில் வந்தது; அதில் குறைந்தபட்சமே 35 ரூபாய், செங்கல்பட்டு வரை போனால் 105. அது வேறு சட்டைப்பைக்கு. சாதாரண வண்டி சாதாரணக் கட்டணத்திலேயே ஓடுகிறது. இந்த நாட்டில் உழைப்பவனுக்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பொதுச் சேவை வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

ரயில் ஏறவில்லை என்றால் எது ஏறியது? வேலை, தண்டவாளத்தை விட்டு விலகிப் போனதுதான் ஏறியது.

2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதிலிருந்து தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை நெடுகப் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அந்தச் சாலையில் ரயில் கிடையாது. பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரை வந்து, 1997-இல் மயிலாப்பூர் வரை நீண்டு, 2007-இல்தான் வேளச்சேரியைத் தொட்டது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை மீதியிருந்தது வெறும் ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டர் இணைந்திருந்தால் தாம்பரம் பாதைக்காரர்கள் பரங்கிமலையில் வண்டி மாறி அந்தச் சாலைப் பக்கம் வந்திருக்கலாம். ஆதம்பாக்கத்தில் நில வழக்குகளில் சிக்கி வருஷக்கணக்கில் கிடந்தது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை இந்தச் சாலை வழியாகத்தான் வருகிறது. தூண்களும் தடுப்புகளுமாக இருக்கும் அந்தச் சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து நான் செலவழித்த மணிகளுக்குக் கணக்கில்லை.

எங்கள் வீடும் நகர்ந்தது. குரோம்பேட்டையில் குமாஸ்தா சம்பளத்தில் குடியிருந்த அதே தெருவில் இன்று எங்கள் இரண்டு சம்பளத்துக்கும் வாடகை கட்டாது. கூடுவாஞ்சேரிக்கு வந்தோம். ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்கரையை ஒட்டிப் போட்ட மனைப்பிரிவில் வீடு. வாடகையில் மாதம் ஆறாயிரம் மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தோம். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் போகிறது என்பது மூன்றாம் மாதம் தெரிந்தது. வாடகையில் கொடுக்காததை வழியில் கொடுக்கிறோம்.

நான் ஐடி ஊழியர் இல்லை. சோழிங்கநல்லூரில் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்காரர்களை அழைத்துப்போக வண்டி வந்து நிற்கும். இரண்டாம் மாடிக்காரர்களான எங்களுக்கு அது கிடையாது. வீட்டிலிருந்து கூடுவாஞ்சேரி ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் தாம்பரம், மேம்பாலப்படி ஏறி இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்து, கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகப் பஸ்ஸில் சோழிங்கநல்லூர். ரயிலில் போகும் நடுத் துண்டு மலிவு. இரண்டு ஓரத் துண்டுகளில்தான் காசு கரைகிறது. அப்பாவுக்கு அந்த ஓரத் துண்டுகள் இரண்டும் நடை. செருப்புத் தேய்மானத்தைத் தவிர அதில் செலவே இல்லை.

பஸ் கட்டணமும் நம் கண்முன்னேதான் ஏறியது. 2011 நவம்பரில் ஒருமுறை. பிறகு 2018 ஜனவரி 20. காலையில் பஸ் ஏறியவர்கள் 3 ரூபாய் நீட்ட, கண்டக்டர் 5 ரூபாய் கேட்க, பஸ் முழுக்க வாக்குவாதம். கல்லூரிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் அந்த மாதம் பலபேர் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலுக்கும் தவணையில் வாங்கிய பைக்குக்கும் போனார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை.

பிறகு 2021 மே 7. பதவியேற்ற அன்றே புதிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றது. மறுநாளே அமலுக்கு வந்தது. கொரோனா ஊரடங்கின் நடுவே வந்ததால் அதன் அருமை உடனே தெரியவில்லை. ஊர் திறந்த பிறகு தெரிந்தது. 2022-இல் அந்தப் பஸ்களுக்கு முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். 'பிங்க் பஸ்' என்று பெயராயிற்று. அரசு பின்னர் 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தது. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொல்லியது. அந்த 888 எங்கள் வீட்டில் என் மகளின் டியூஷன் பணம். அதை நான் சலுகை என்று நினைக்கவில்லை. வேலைக்குப் போக வழி என்று நினைக்கிறேன்.

அந்த வழி எவ்வளவு பெரியது என்பதை எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டைப் பக்கம் குடிசை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களைப் பெயர்த்து அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு வந்தது பெரும்பாக்கம். அதற்கு முன்பு 2000-இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி. ஊரின் நடுவில் இருந்த உழைப்பாளிகள் எல்லாரும் இதே தெற்கு ஓரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

"அங்க மூணு வூடு பாத்துக்கினு இருந்தேன். மூணும் நடந்து போற தூரம். காலைல ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா. எட்டு மணிக்குப் புள்ளைக்கு சோறு ஊட்டிட்டு மறுபடி போவேன்" என்றார். பெரும்பாக்கம் வந்த பிறகும் ஒரு வருஷம் அந்த வீடுகளை விடவில்லை. இரண்டு பஸ் போக, இரண்டு பஸ் வர. ஒரு வீட்டுச் சம்பளம் முழுக்க டிக்கெட்டுக்கே போயிற்று. முதலில் ஒரு வீட்டை விட்டார். பிறகு இன்னொன்றை. கடைசியில் மூன்றாவதையும். சுவர் கெட்டியாக, மின்சாரத்தோடு வீடு கிடைத்தது, வேலை பறிபோனது. அந்தக் குடியிருப்புகளில் எத்தனையோ பெண்களின் கதை இதுதான். வீடு ஒதுக்கும்போது சதுர அடியை அளந்தவர்கள் பஸ் டிக்கெட்டை எண்ணிப் பார்க்கவில்லை என்று எனக்குக் கோபம் வரும். இன்றும் வருகிறது.

"பஸ்ஸு காசு இல்லன்னு ஆன உடனே நான் செஞ்ச முதல் வேல இன்னான்னா, அந்தக் கோட்டூர்புரத்து வூட்டுக்குப் போன் போட்டேன்" என்றார். அந்த ஒரு வீட்டை அவர் திரும்பப் பிடித்துவிட்டார். விடிகாலை பிங்க் பஸ்ஸில் கோட்டூர்புரம். பத்து மணிக்குள் வேலை முடித்து, பதினொன்றரைக்கு எங்கள் கட்டடம். ராத்திரி ஏழுக்குப் பெரும்பாக்கம். இரண்டு வேலை. நடுவில் பஸ்ஸில் கிடைக்கும் தூக்கம்தான் ஓய்வு.

என் கணவருக்கு அந்த வசதியும் இல்லை. ஒரகடத்தில் ஒரு சிறு உதிரிபாக ஆலையில் சூப்பர்வைசர். விடிகாலையில் ஜிஎஸ்டி ரோட்டில் நின்று பார்த்தால் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போகும். பெரிய ஆலைகள் தங்கள் ஆட்களை அப்படி ஏற்றிப்போகின்றன. சிறு ஆலைக்காரர்கள் பைக்கில்தான் போக வேண்டும். சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் போக வர ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிறது. அதாவது வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் ஒரு லிட்டர். கல்யாணமான புதிதில், 2003-இல், அவர் அந்த லிட்டரை 40 ரூபாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தார். 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு போனது. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலை மாறும் என்றானது. பைசா பைசாவாக ஏறியதால் ஏறியது தெரியவில்லை. 2021 ஜூலையில் சென்னையில் 100-ஐத் தாண்டியபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மாநில அரசு 3 ரூபாய் குறைத்தது, மத்திய அரசு இருமுறை வரியைக் குறைத்தது. ஆனாலும் நூறின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. மாதம் 2,500 ரூபாய் பெட்ரோலுக்கு. அதில் டயரும் ஆயிலும் சர்வீசும் சேரவில்லை.

அவரும் பக்கத்து மனைப்பிரிவு நண்பரும் ஒரு வாரம் இவர் பைக், ஒரு வாரம் அவர் பைக் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஷிப்ட் ஒன்றாக வந்தால் செலவு பாதி. ஷிப்ட் மாறிவிட்டால் அந்த மாதம் பட்ஜெட் உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுப்பதில்லை என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். மாமியார் வீட்டுக்கு, அதாவது அவருடைய அம்மாவைப் பார்க்க, மாதத்துக்கு நான்கு முறை போய்க்கொண்டிருந்தது இப்போது இரண்டாகிவிட்டது. வேலைக்குப் போகும் தூரம் உறவின் தூரத்தையும் கூட்டிவிட்டது என்பதுதான் இந்தக் கணக்கில் என்னை அதிகம் வருத்துவது.

நானும் சிலவற்றைப் பழகிக்கொண்டேன். பிங்க் பஸ்ஸுக்காக வீட்டை விட்டு இருபது நிமிஷம் முன்னதாகக் கிளம்புகிறேன். கண்ணெதிரே காலியாக நிற்கும் டீலக்ஸை விட்டுவிடக் கற்றேன். அது எளிதில்லை, குறிப்பாக மாதவிலக்கு நாட்களில், கால் கடுக்க நிற்கும்போது. தெருவில் வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் சேர்ந்து காலையில் ஒரு ஆட்டோவை மாத வாடகைக்குப் பேசினோம். அந்த ஆட்டோக்கார அண்ணனோடு பேரம் பேசும்போது எனக்குக் குரல் எழவில்லை. 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அதன்பின் பத்து வருஷத்துக்கும் மேல் அந்த விகிதம் அசையவில்லை. அவர் போடும் எரிபொருளோ, பிள்ளைக்குக் கட்டும் பீஸோ அப்படி நிற்கவில்லை. அவர் கேட்பதும் நியாயம், எங்களால் முடியாததும் நியாயம். மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு பக்கமும் தாங்கும் ஒரு தொகை வந்தது. இருந்தும் மூவரில் ஒருவருக்கு வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது மறுபடி பிரித்துப் பேச வேண்டியிருந்தது.

சாயங்காலத்துக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. மூவரும் திரும்பும் நேரம் வேறு வேறு. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர்தான். இருபது நிமிஷ நடை. அப்பா அந்தக் காலத்தில் நடந்ததைவிடப் பத்து நிமிஷம்தான் கூட. ஆனால் கடைத்தெரு முடிந்து ஏரிக்கரை வளைவு வந்தால் ஏறக்குறைய நானூறு மீட்டருக்கு விளக்கு இல்லை. ஓரத்தில் நடைபாதையும் இல்லை. மனு கொடுத்திருக்கிறோம். அந்த நானூறு மீட்டருக்காகத்தான் தினமும் 20 ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தேன்.

போனில் இருந்த பட்டியலை அப்பாவிடம் காட்டினேன். எண்பதை நெருங்குகிறார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ராத்திரி இருவது எதுக்கும்மா? ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம்தானே?"

"ஏரிக்கரைல இருட்டுப்பா. தனியா வர பயமா இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் எட்டேகாலுக்கு வண்டியை விட்டு இறங்கும்போது போன் வந்தது. "ஆட்டோ ஏறாதே. கடைத்தெரு முக்குல நிக்கறேன்" என்றார். மூடியிருந்த தையல்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கையில் பழைய எவரெடி டார்ச். இரண்டு பேரும் நடந்தோம். அவர் வேகத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பீச் ஸ்டேஷனில் ஆறு ஐம்பது வண்டியைப் பிடிக்க ஓடியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மழை இல்லாத நாட்களில் இப்போது அப்படித்தான் வருகிறோம்.

ஓய்வுபெற்ற பிறகும் அவர் நோட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. பென்ஷனும் மாத்திரையும் பாலும்தான் பெரும்பாலும். போன வாரம் மாத்திரைச் சீட்டைத் தேடும்போது இந்த மாதத்துப் பக்கம் கண்ணில் பட்டது. இருபது வருஷமாக வெறுமையாகவே இருந்த 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழே, நடுங்கும் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: டார்ச் பேட்டரி, 2.